மெத்தையில் வளர்ந்த செடி

உட்காருவதைக் குறைக்க வேண்டும் என்று கம்பெனி முடிவெடுத்த நேரத்தில் நம்மவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் எப்போது எதைக் கேள்விப்பட்டாலும் உட்கார்ந்துகொண்டுதான் கேள்விப்படுவார்.

நம்மவருக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. கார் நசுங்கியது, கூரை ஒழுகியது, டி.வி. வெடித்தது என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் படங்களையும் கதைகளையும் பார்த்து, எது நிஜம், எது புளுகு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. சும்மா நின்ற காரை லாரி வந்து இடித்ததா, அல்லது இந்த ஆளே காரைக் கொண்டுபோய் லாரியில் சொருகினாரா என்பதை இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். தன் கண்ணில் மண்ணைத் தூவ ஒருத்தர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று அவருக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் பாதி, அவருடைய நாற்காலி கொடுத்தது.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பெனியே அனுப்பிவைத்தது. கறுப்புத் தோல் உறை, தலை வைக்கத் திண்டு, அகலமான கைப்பிடிகள். பின்னால் சாய்ந்தால் கால் தானாக மேலே வரும். கீழே சக்கரம். ஆகவே தண்ணீர் குடிப்பதற்குக்கூட நம்மவர் எழுந்து போவதில்லை. உருண்டு போவார். வீட்டில் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர். பெயர் வைத்தவர் அவருடைய மனைவி.

அம்மையாரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார். ஒரு பல் மருத்துவமனைக்கு வருகிற போன்களை எடுத்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது. சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு மேசையும் முதுகு விறைத்த ஒரு மரநாற்காலியும்தான் அவருடைய ஆபீஸ். அந்த வேலைக்கென்று தனியாக ஒரு குரல் வைத்திருந்தார். தேன் வடியும். கன்னம் வீங்கித் துடிக்கிறவரிடமும் அந்தக் குரலில், "இப்போதைக்கு எதுவும் காலி இல்லைங்க. யாராவது வரலைன்னு சொன்னா உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்" என்பார். துடித்தவர் நன்றி சொல்லிவிட்டு போனை வைப்பார். ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் குக்கர் விசில் அடிக்கும், வாஷிங் மெஷின் கத்தும், வாசல் மணி ஒலிக்கும், பால் பொங்கும். அத்தனைக்கும் எழுந்து ஓடுகிறவரும் அம்மையார்தான்.

சிம்மாசனம் வந்து இறங்கிய அன்று, தனக்கும் இடுப்பு நோகிறது, இந்த மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன என்று அம்மையார் கேட்டார். "நீ எங்க உட்கார்றே? உனக்கு எதுக்கு?" என்றார் நம்மவர், உட்கார்ந்தபடி. பேச்சு அத்தோடு முடிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தது நம்மவர் மட்டும்தான்.

இனி கம்பெனி விஷயத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று மேலிடத்தில் யாரோ கவலைப்பட்டுவிட்டார்கள். கவலைப்படுவதற்கென்று கணினியில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். அரை நாள் நடந்த அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் இருக்கையை விட்டு அசையவில்லை. நடத்தியவர் நம்மவரின் மேலதிகாரி. வாய் திறக்கும் முன்பெல்லாம் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அதனால் அவருக்குக் கனைப்பார் என்று பெயர்.

கனைப்பார் கனைத்துவிட்டுத் திட்டத்தை விளக்கினார். ஆளுக்கொரு மெல்லிய மெத்தை வீடு தேடி வரும். அதை நாற்காலியில் போட்டு, அதன்மேல்தான் உட்கார வேண்டும். எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று மெத்தை கம்பெனிக்குச் சொல்லிவிடும். திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு செடி. அடிக்கடி எழுந்து நடமாடினால் செடி தழைக்கும், பூக்கும். உட்கார்ந்தே கிடந்தால் மஞ்சளாகி வாடும். மெத்தையில் யாருமே உட்காராவிட்டால் ஆள் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். யாருடைய செடி எப்படி இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கலாம். இதற்குத் தோட்டம் என்று பெயர். செடி வாடியவர்கள் இனி வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டாம், அலுவலகத்துக்கே வந்துவிடலாம். தன் மேசைக்குப் பக்கத்து மேசைகளெல்லாம் காலியாகத்தான் கிடக்கின்றன என்று கனைப்பார் ஆசையோடு சேர்த்துச் சொன்னார்.

நம்மவருக்கு அலுவலகம் என்றால் கனைப்பாரின் தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி. அங்கே போய்ச் சேர பஸ். அந்த பஸ்ஸில் அவர் ஏறுகிற இடத்தில் ஒரு நாளும் இடம் கிடைத்ததில்லை. வீட்டில் உட்கார்ந்த குற்றத்துக்கு வழியெல்லாம் நிற்கிற தண்டனையா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மெத்தை வந்த அன்று நம்மவர் ஒரு சபதம் செய்தார். இன்று முதல் தான் நின்றுகொண்டே வேலை செய்யப் போவதாக வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். இஸ்திரி போடும் மேசையை விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, மார்பை நிமிர்த்தி நின்றார். அம்மையார் ஒரு போனுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தபோது ஒரு காலில் நின்றார். அடுத்த போன் முடிந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். அதற்கடுத்துப் பார்த்தபோது இஸ்திரி மேசையில் லேப்டாப் மட்டும்தான் நின்றது. சிம்மாசனத்தில், மெத்தைக்கு மேல் மெத்தையாக, நம்மவர் சாய்ந்து கிடந்தார். திரையில் அவருடைய செடி தலையைத் தொங்கப்போட்டது.

இந்த நிலைமையில்தான் அவர் கண்ணில் மனைவி பட்டார். இத்தனை வருஷத்தில் அம்மையார் எழுவதையோ உட்காருவதையோ நம்மவர் கவனித்ததில்லை. அன்று கவனித்தார். உட்கார்ந்தார், விசில் அடித்தது, எழுந்தார். உட்கார்ந்தார், மணி அடித்தது, எழுந்தார். மெஷின் கத்தியது, மறுபடியும் எழுந்தார். நம்மவருக்கு மண்டைக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்தது. வாழ்க்கை முழுக்கப் புளுகைப் பிடித்துப் பிடித்து, ஒரு புளுகை எப்படிக் கட்ட வேண்டும் என்பதும் அவருக்குக் கைவந்திருந்தது.

மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

"இந்தாம்மா, இதை உன் நாற்காலில போட்டுக்கோ."

"என்ன இது?"

"மெத்தை. உன் இடுப்பு நோகக் கூடாதுன்னுதான்."

அம்மையார் மெத்தையைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே."

"ஏன், பொண்டாட்டி மேல ஒரு அக்கறை இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். திடீர்னு வந்தாத்தான் பயமா இருக்கு."

சொன்னாரே தவிர, அம்மையாருக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்துபோயிற்று. அன்று தங்கையிடம் போனில் பேசும்போது, நான் கேட்காமலே வாங்கிக் கொடுத்தார் என்று இரண்டு முறை சொன்னார். அது நம்மவர் காதிலும் விழுந்தது. நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. சிம்மாசனத்தில் கொஞ்சம் புரண்டு உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது.

செடி பிழைத்தது. பிழைத்ததா, கொழுத்தது. கிளை விட்டது, பூ விட்டது, தோட்டத்தில் மற்றவர்களின் செடிகளெல்லாம் வெறும் காம்போடு நின்றபோது நம்மவருடையது மரமாகி நிழல் பரப்பியது. கூட வேலை பார்ப்பவர்கள் பொறாமையில் வெந்தார்கள். நம்மவர் எதிர்வீட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டினார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். மரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் சர்வீஸ் முழுக்க நின்னேன் சார். ஒரு புல்லுகூட முளைக்கலையே" என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

கனைப்பாருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு கூட்டம் கூட்டி, நம்மவரைப் பேசச் சொன்னார். உட்காருவதை எப்படி வென்றீர்கள் என்று சக ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நம்மவர் சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு, முகம் மட்டும் தெரியும்படி கேமராவைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"வீட்டு வேலைதான் சார் எனக்கு உடற்பயிற்சி. குக்கர் விசில் அடிச்சா நான்தான் எழுந்து போவேன். வாஷிங் மெஷின் கூப்பிட்டா நான்தான். வாசல்ல மணி அடிச்சா, பாவம் அவங்க எதுக்கு எழுந்திருக்கணும்னு நானே ஓடிடுவேன்."

கனைப்பார் கண் கலங்கினார். எங்கள் வீட்டுக்காரரும் இருக்கிறாரே என்று ஒரு பெண் ஊழியர் பெருமூச்சு விட்டார். நம்மவருக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது. கூட்டிப் பெருக்கினார், துணி மடித்தார், ஜன்னல் துடைத்தார். எல்லாம் வாயாலேயே. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் பாதியில் நின்றுபோனதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மையார் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

குக்கர் விசில் அடித்தது. நம்மவர் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் விசில். மறுபடியும் விசில்.

"என்னம்மா, விசில் அடிக்குது."

"கேட்டுச்சுங்க."

அதற்கு மேல் ஒன்றுமில்லை. தீய்ந்த வாசனை வரவும் நம்மவரே உருண்டு போனார். சமையலறைப் படியில் சக்கரம் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து போய், எந்தத் திருகு எந்த அடுப்புக்கு என்று தெரியாமல், எரிகிற அடுப்பை விட்டுவிட்டு எரியாத அடுப்பைத் திறந்துவிட்டு, பிறகு பதறி இரண்டையும் அணைத்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தால் மரத்தின் நுனியில் மஞ்சள். அதோடு கனைப்பாரிடமிருந்து ஒரு செய்தி. எழுத்திலும் கனைப்பு கேட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் இன்று மத்தியானம் தோட்டத்தைப் பார்வையிடுகிறார்கள். முதலில் காட்டப்போவது உங்கள் மரம். அது ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது?

நம்மவர் பறந்தார். அம்மையாரிடம் போய், வெளியே ஒரு குருவி வந்திருக்கிறது, ஜன்னல் பக்கம் வாயேன் என்றார். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்றார் அம்மையார். நாற்காலிக்குக் கீழே பல்லி என்றார். சொன்ன வேகத்தில் தானே ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். அம்மையார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மெத்தையைக் கொஞ்சம் கொடு, வெயிலில் காயவைக்கலாம் என்றார்.

"ஆசையா குடுத்தீங்க. இதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வரலைங்க."

இலைகள் உதிர ஆரம்பித்தன. நம்மவர் பூனை மாதிரி நழுவி எதிர்வீட்டுக்குப் போனார். கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு மணியை அடித்து, அம்மாவை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள் என்று கெஞ்சினார். திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவர் போல் சிம்மாசனத்தில் அமர்ந்தார்.

மணி அடித்தது. அம்மையார் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல் வாசலைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினார். மணி மறுபடியும் அடித்தது. கண்டக்டர் கடமையில் கண்ணானவர், விரலை எடுக்கவே இல்லை. நம்மவர்தான் போய்க் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

"அம்மாவைக் கூப்பிடுங்க சார், அவசரம்" என்றார் கண்டக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரியா சொன்னேனா சார்?" என்றார். முன்படியில் நின்று பின்படிக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அது. எவ்வளவு தாழ்த்தினாலும் சமையலறை வரைக்கும் போயிற்று.

கதவைச் சாத்திவிட்டு நம்மவர் திரும்பியபோது, அம்மையார் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க. நான் எதுக்கு எழுந்திருக்கணும்?"

"ரொம்ப நேரம் உட்கார்ந்தா உடம்புக்கு ஆகாதும்மா. ரத்த ஓட்டம்..."

"குக்கர் விசில் அடிச்சா நீங்கதான் எழுந்து போவீங்களாமே."

நம்மவர் தன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் துடைச்சதுவரைக்கும் கேட்டேன். இவ்வளவு வேலை நீங்க செய்யறப்போ நான் வேற எதுக்கு அலையணும்னு உட்கார்ந்துட்டேன்."

ஆயிரம் புளுகர்களின் கதையைக் கிழித்துத் தோரணம் கட்டியவர், தன் கதைக்கு ஒரு ஒட்டுப்போட வழியில்லாமல் நின்றார். அம்மையார் கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். அவர் கத்தவில்லை.

"இந்த மரக்கட்டைல உட்கார்ந்து என் இடுப்பு விட்டுப்போச்சுங்க. அன்னிக்கு நாற்காலி கேட்டேன், உனக்கெதுக்குன்னீங்க. இந்த மெத்தையைக் குடுத்தப்போ நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? தங்கச்சிகிட்டக்கூடச் சொன்னேன்."

நம்மவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிஜமான வெட்கம். முகம் சுட்டது, தலை தானாகக் குனிந்தது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒரு நல்ல எண்ணம் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் லேப்டாப் டிங் என்றது. மரத்தில் இன்னும் ஒரே ஒரு இலைதான் பாக்கி. வெட்கம் விலகிக்கொண்டு பயத்துக்கு இடம் கொடுத்தது.

"தப்புதாம்மா. கொஞ்சம் எழுந்திரு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"எழுந்திருக்கறேன். எழுந்து எங்க உட்கார்றதுன்னு சொல்லுங்க."

நம்மவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அம்மையார் சுற்றிப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை ஒரே பக்கம்தான் இருந்தது. கறுப்புத் தோல், திண்டு, கைப்பிடி, சக்கரம். நம்மவர் பஸ்ஸை நினைத்துப் பார்த்தார். கனைப்பாரின் தொண்டையை நினைத்துப் பார்த்தார்.

"என் நாற்காலில வேணா... கொஞ்ச நேரம்..."

"கொஞ்ச நேரமா?"

"உன் இஷ்டம்."

அம்மையார் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். சாய்ந்தார். கால் தானாக மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பெருமூச்சை நம்மவர் அந்த வீட்டில் கேட்டதில்லை.

நம்மவர் லேப்டாப்பை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, மரநாற்காலியில், மெத்தையின் மேல் உட்கார்ந்தார். முதுகெலும்பு எத்தனை எலும்பால் ஆனது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சாய்ந்துகொள்ளலாம் என்று பார்ப்பதற்குள் பால் பொங்கியது. ஓடினார். வந்து உட்கார்ந்தார், மணி அடித்தது. சலவைக்குப் போன துணி வந்திருந்தது. வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார், மறுபடியும் மணி. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்க வந்த கண்டக்டர். சிம்மாசனத்திலிருந்து யாரும் அசையவில்லை. அந்தப் பக்கமிருந்து தேன் வடியும் குரல் மட்டும் பல் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் மரம் பழையபடி தழைத்துவிட்டது. நேற்று யார் எழுந்தது, இன்று யார் எழுந்தது என்று மெத்தைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கூட்டம் தொடங்கியது. தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் வரிசையாகத் திரையில் அமர்ந்திருந்தார்கள். கனைப்பார் மரத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாஷிங் மெஷின் கத்தியது. நம்மவர் ஒரு கணம் சிம்மாசனத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

கனைப்பார் கனைக்கவும் மறந்து, "போகிறார், பாருங்கள், போகிறார்" என்றார். கேமரா பார்த்துக்கொண்டிருக்க, நம்மவர் ஈரத் துணிகளை வாரிக்கொண்டு வந்து ஜன்னலோரக் கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்தபடி கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் மரநாற்காலியைக் கவனித்துவிட்டு, சொகுசைக்கூடத் துறந்துவிட்டாரே என்று நெகிழ்ந்தார். இந்த ஏற்பாட்டில் எதையும் மாற்றக் கூடாது, இதுவே எல்லா ஊழியர்களுக்கும் முன்மாதிரி, இவர் காலம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார்கள். கேட்ட வரம் கிடைத்துவிட்டது. நம்மவர் ஈரக் கையோடு கும்பிட்டார்.

கூட்டம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிம்மாசனத்தின் பின்னால் போய் நின்றார். அம்மையார் ஒரு போனை முடித்துவிட்டு அடுத்த போனுக்குக் காத்திருந்தார். நல்ல நேரம்தான்.

"என்னம்மா, மெத்தை போட்டும் அந்த நாற்காலி இடுப்பைப் பிடுங்குது. இதுல கொஞ்ச நேரம் நான்..."

அம்மையார் திரும்பவில்லை. ஆனால் தேன் வடிந்தது.

"இப்போதைக்கு எதுவும் காலி இல்லைங்க. யாராவது எழுந்தா உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்."